குத்தின் வலிமை எங்கே இருக்கிறது?

மகாபாரதத்தின் வனபருவத்தில், திரௌபதி கேட்ட பூவைத் தேடிப் போகும் பீமன் வழியில் படுத்திருக்கும் ஒரு கிழக்குரங்கின் வாலைத் தூக்கி அப்பால் வைக்கப் பார்க்கிறான். அவனால் முடியவில்லை. படுத்திருந்தது அனுமன். திரேதா யுகத்துப் பலசாலியும் துவாபர யுகத்துப் பலசாலியும் நேருக்கு நேர் நின்ற அபூர்வமான இடம் இது. கூத்தும் ஹரிகதையுமாகப் பாரதத்தை நாள்கணக்கில் நடத்தி, மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனனைப் பீமன் வீழ்த்துவதோடு முடிக்கிற ஊர்கள், சித்தூர்ச் சீமையில் நிறைய உண்டு. பக்கத்துத் திருமலையின் அஞ்சனாத்ரிதான் அனுமன் பிறந்த இடம் என்று திருப்பதி தேவஸ்தானம் 2021இல் அறிவித்தது. முன்னோர் நம்மைவிடப் பலசாலிகள் என்பதற்கு இந்த மண்ணில் யாரும் சாட்சி கேட்பதில்லை. ஆனால் கதை வாலோடு நின்றுவிடவில்லை. கடலைத் தாண்டிய அந்தப் பழைய உருவத்தைக் காட்டச் சொல்லிப் பீமன் கேட்கும்போது அனுமன் முதலில் மறுக்கிறான். அந்தக் காலம் வேறு, யுகத்துக்குத் தக்கபடி உடலும் ஆற்றலும் மாறும் என்கிறான். தன் பெருமையைச் சொல்லிக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தும், ஒப்பிடுவதில் உள்ள சிக்கலைத்தான் அவன் முதலில் எடுத்துச் சொல்கிறான் என்பது கவனிக்கத்தக்கது.

குத்துச்சண்டை ரசிகர்களின் ஓயாத வழக்கும் இதுவேதான். ஜாக் டெம்ப்சி, ராக்கி மார்சியானோ ஆகியோரின் குத்து பலமானதா, இன்றைய டியாண்டே வைல்டரின் குத்து பலமானதா? பழமை என்று பேசுகிறவர் யுகச் சரிவை நம்புகிறார். புதுமை என்று பேசுகிறவர் முன்னேற்றத்தை நம்புகிறார். இரண்டும் சான்றைப் பார்க்கும் முன்பே முடிவெடுத்துவிட்ட நம்பிக்கைகள். இரண்டாவது நம்பிக்கைக்காவது எடைப் பொறி துணைக்கு வருகிறது. 1919இல் ஹெவிவெயிட் பட்டம் வென்றபோது டெம்ப்சியின் எடை ஏறத்தாழ 85 கிலோ. மார்சியானோவும் அதே அளவுதான். இன்றைய விதிப்படி 90.7 கிலோவுக்குள் இருப்பவர் ஹெவிவெயிட்டுக்கு ஒரு படி கீழே உள்ள க்ரூசர்வெயிட்டில் ஆடுபவர். 2020இல் வைல்டரை வீழ்த்திய டைசன் ஃபியூரி ஏறத்தாழ 124 கிலோ இருந்தார். ஒரே வேகத்தில் வரும் கைக்குப் பின்னால் அதிக எடை இருந்தால் மோதலும் பெரிதாகும் என்பதை மறுக்க முடியாது. வெறும் விசையைப் பற்றித்தான் கேள்வி என்றால், சராசரியில் இன்றைய பெரிய ஆட்களுக்கே சாதகம் என்று ஒப்புக்கொண்டு விஷயத்தை முடித்துவிடலாம். முடியாததற்குக் காரணம், ரசிகர் கேட்பது விசையை அல்ல. எதிராளியை விழவைக்கும் ஆற்றலை.

விழவைப்பதையும் அளந்துவிடலாமே என்பார் இயந்திரத்தை நம்புகிறவர். 1985இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு குத்துச்சண்டை வீரர் ஃபிராங்க் புரூனோவின் குத்தை அளந்தது. கை நொடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் வந்தது. உச்ச விசை 4,096 நியூட்டன். ஆறு கிலோ எடையுள்ள, மெத்தை வைத்த மரச்சுத்தியல் மணிக்கு சுமார் 32 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதற்கு இது சமம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நல்ல ஆய்வு. ஆனால் அது அளந்தது தொங்கவிடப்பட்ட ஓர் இலக்கின்மீது விழுந்த குத்தை. இலக்கு தானாக விலகாது, தாடையை ஒதுக்காது, திருப்பி அடிக்காது. பாரதமும் இப்படியொரு சோதனையைப் பேசுகிறது: துரியோதனன் 13 ஆண்டுகள் பீமனின் இரும்புருவத்தின்மேல் கதாயுதம் பழகினான் என்று. அதனால் பீமனுக்குப் பலம் கூடுதல், துரியோதனனுக்குத் திறமை கூடுதல் என்று கடைசிப் போரின்போது கண்ணன் கணிக்கிறான். இரும்புப் பீமனிடம் பெற்ற தேர்ச்சி களத்தில் உண்மையாகவே உதவியது. ஆனாலும் தொப்புளுக்குக் கீழே அடிக்கக் கூடாது என்ற விதியை எதிராளி மீறுவான் என்பது அந்த உருவத்திடமிருந்து தெரிந்துகொள்ளக் கூடியதல்ல.

இந்த இடத்தில் இந்தியத் தத்துவத்தின் பழைய விவாதம் ஒன்று வியக்கத்தக்க விதத்தில் கைகொடுக்கிறது. நெருப்பு சுடும். ஆனால் குறிப்பிட்ட ஒரு மணியை அருகில் வைத்தால் சுடாது என்று வைத்துக்கொள்வோம். நெருப்பு அப்படியேதான் இருக்கிறது. சுடுவது மட்டும் நின்றுவிட்டது. ஆகவே நெருப்புக்கு வேறாகச் சக்தி என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்று உண்டு, மணி அதைத்தான் தடுக்கிறது என்றார்கள் மீமாம்சகர்கள். நியாய மரபினர், குறிப்பாகப் பத்தாம் நூற்றாண்டின் உதயணர், இதை ஏற்கவில்லை. தடை இல்லாதிருப்பதும் காரணத்தின் ஒரு பகுதிதான்; சுடுவது நெருப்பு, விறகு, தடையின்மை எல்லாம் சேர்ந்த கூட்டத்தின் விளைவு; தனியே சக்தி என்றொரு பொருள் வேண்டியதில்லை என்றார்கள். குத்தின் வலிமை முட்டிக்குள் குடியிருக்கும் ஒரு பொருள் என்று நினைக்கிறவர் தம்மை அறியாமலே மீமாம்சகர். என் கட்சி நியாயத்தின் பக்கம். விழவைக்கும் ஆற்றல் என்பது குத்துகிறவர், வாங்குகிறவர், கையுறை, விதி ஆகியவற்றின் சேர்க்கையில் உண்டாவது. சேர்க்கையில் ஒன்று மாறினால் விளைவும் மாறும்.

டெம்ப்சியின் புகழ்பெற்ற சான்றை எடுத்துக்கொள்வோம். 1919 ஜூலை 4 அன்று, ஏறத்தாழ 111 கிலோ எடையுள்ள ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா என்று கேட்கலாம். வில்லார்டுக்கு அப்போது 37 வயது. அதைவிட முக்கியமானது, விழுந்தவர் எழும்போது பக்கத்திலேயே நின்று மறுபடி அடிக்க அன்று தடையில்லை. எதிராளி எண்ணப்படும்போது அடித்தவர் விலகி நடுநிலை மூலைக்குப் போக வேண்டும் என்ற விதி 1927இல் டெம்ப்சிக்கே வினையாக வந்தது. அவர் போகத் தாமதித்ததால் ஜீன் டன்னிக்குக் கூடுதல் நொடிகள் கிடைத்தன, டன்னி எழுந்து வென்றார். அதே கை, வேறு விதி. நாக்அவுட் விகிதத்தைக் காட்டி வாதிடுவதும் இதே பள்ளத்தில்தான் விழுகிறது. 2020இன் தொடக்கத்தில் வைல்டரின் 42 வெற்றிகளில் 41 நாக்அவுட். பிரமிக்க வைக்கும் எண்தான். ஆனால் அது அவர் கையைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ, அவ்வளவு அவருக்குக் கிடைத்த எதிராளிகளைப் பற்றியும் சொல்கிறது.

இப்படிப் பார்த்தால் யாரையுமே பலமான குத்துக்காரர் என்று சொல்ல முடியாதே என்ற ஆட்சேபம் வரும். அப்படி இல்லை. ஒரே காலத்தில் பலரோடு மோதியவரைப் பற்றி நம்பகமான அனுமானம் செய்யலாம், ஏனென்றால் மற்றக் காரணங்கள் ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றன. சரி, அந்த அனுமானங்களைச் சங்கிலியாகக் கோத்து நூறாண்டு தாண்டலாமே? ஜோ லூயி மார்சியானோவோடு மோதினார், முகமது அலி லாரி ஹோம்ஸோடு, ஹோம்ஸ் மைக் டைசனோடு. ஆனால் 1951இல் மார்சியானோ வீழ்த்தியது 37 வயது லூயியை. 1980இல் ஹோம்ஸ் அடித்தது 38 வயது அலியை. 1988இல் டைசன் வீழ்த்தியதும் 38 வயது ஹோம்ஸை. ஒவ்வொரு கண்ணியும் கிழவரோடு இளைஞரைப் பிணைப்பதால் சங்கிலி முழுவதும் புதியவர் பக்கமே சாய்கிறது. மறுபக்கம் சாயும் கண்ணி ஒன்றே ஒன்றுதான் எனக்கு வலுவாகத் தெரிகிறது: ஜார்ஜ் ஃபோர்மன். 1973இல் ஜோ ஃபிரேசியரை இரண்டு சுற்றுகளில் ஆறு முறை வீழ்த்தியவர், 1994இல் தம் 45ஆம் வயதில் 26 வயது மைக்கேல் மூரரைப் பத்தாவது சுற்றில் சாய்த்தார். இருபது ஆண்டு இடைவெளிக்கு இது நல்ல சாட்சி. நூறாண்டு இடைவெளிக்கு அல்ல.

அளப்பதும் அனுமானிப்பதும் போதாதபோது எஞ்சுவது உரை அளவை, அதாவது கேள்விப்பட்டது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் காட்சி, கருதல் ஆகியவற்றோடு உரையையும் அளவையாக ஏற்கிறது. அதனால் சொன்னவரெல்லாம் சாட்சி ஆகிவிடுவதில்லை. சொல்பவர் நம்பத்தக்கவராக இருக்க வேண்டும். வடசென்னையின் குத்துச்சண்டைக் குழுக்களான சார்பட்டா பரம்பரையும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும் தத்தம் ஆட்களின் குத்தைப் பற்றிச் சொன்ன கதைகள் ஏராளம். கித்தேரி முத்து என்ற வீரர் டெர்ரி என்ற எதிராளியை வீழ்த்திய கதை இன்றும் சொல்லப்படுகிறது. அவற்றை நான் விரும்பிக் கேட்பேன். ஆனால் ஒரு பரம்பரையின் பெருமைக்காகச் சொல்லப்படும் சொல் அந்தப் பெருமைக்குத்தான் சாட்சி, குத்தின் எடைக்கு அல்ல. 1980இல் சென்னை நேரு விளையாட்டரங்கில் முகமது அலியும் ஜிம்மி எல்லிஸும் ஆடியது காட்சிப் போட்டி. கண்ணால் கண்டவர்களுக்குக்கூட அதில் அலியின் முழு வலிமை தெரிந்திருக்க வழியில்லை. கணினியும் இதற்குத் தீர்வல்ல. மார்சியானோவையும் அலியையும் கணினி மோதவிட்டதாக 1970இல் வந்த படம், அமெரிக்காவில் மார்சியானோவை ஜெயிக்கவைத்தது, ஐரோப்பாவுக்குப் போன பிரதியில் அலியை.

என் வாதத்துக்கு உள்ள கடினமான எதிர்ப்பை மீமாம்சகரே எழுப்ப முடியும். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில், அலி கயிற்றில் சாய்ந்தபடி ஃபோர்மனின் குத்துகளை வாங்கிக்கொண்டே இருந்தார், விழவில்லை; எட்டாவது சுற்றில் ஃபோர்மன்தான் விழுந்தார். மணியருகே நெருப்பு சுடாமல் போனதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. விளைவு இல்லை, ஆகவே அந்த இரவில் அந்தச் சேர்க்கையில் ஆற்றலும் இல்லை என்பேன் நான். ஆனால் விழுவது மட்டும்தானா விளைவு? தலையில் தொடர்ந்து அடிவாங்கியவர்களின் மூளைக்கு நேரும் கேட்டை மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928லேயே விவரித்துவிட்டார். அலிக்கு 1984இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது; அதில் குத்துகளின் பங்கு எவ்வளவு என்பதில் மருத்துவர்கள் ஒத்த கருத்தினர் அல்லர். பங்கு இருந்திருந்தால், தடுக்கப்பட்டதாக நான் சொன்ன ஆற்றல் தடுக்கப்படவே இல்லை. நடுவரின் எண்ணிக்கைக்கு எட்டாத இடத்தில் வேலை செய்திருக்கிறது. இது மீமாம்சகரை முழுமையாக வெல்லவைக்காது, விளைவைக் கொண்டே ஆற்றலை அறிகிறோம் என்பது அப்போதும் நிற்கும். ஆனால் யாருடைய குத்து பலமானது என்பதற்கு வீழ்ச்சிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த நம் கணக்கு, பழைய வீரர்களுக்கும் புதியவர்களுக்கும் ஒருசேரத் தவறாகப் போடப்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.