வீட்டுக் குப்பையும் சைவத் தூய்மையும்

சைவசமயிகளாகிய நாம் தூய்மையைப் பெரிதும் போற்றுபவர்கள். விடியற்காலையில் முற்றம் கூட்டிச் சாணநீர் தெளிப்பதும், நீராடித் திருநீறு தரித்த பின்னரே ஆலயம் செல்வதும் எமது முன்னோர் வழுவாது காத்த ஒழுக்கங்களாகும். ஆனால், கூட்டிய குப்பையை வேலிக்கு அப்பால் ஒழுங்கையில் கொட்டிவிட்டு வருபவரைத் தூய்மையுடையவர் எனக் கூறலாமா? அவர் அழுக்கை நீக்கினாரா, அன்றி அதனை வேறொருவர் தலையில் சுமத்தினாரா என்பதே இங்கு எழும் வினாவாகும்.

காங்கேசன்துறை மண்ணுக்கு இவ்வினா மிகவும் பொருந்தும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. அந்நீரே எமது கிணறுகளில் ஊறுகின்றது. கடலோரத்தில் கீரிமலைக் கேணியிலும் சுரக்கின்றது. வளவுக்கு வேலி உண்டு. நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. ஒருவர் தம் வளவில் புதைக்கும் பழைய பற்றரியின் நஞ்சு அயலவர் கிணற்றை அடையக்கூடும். 1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து, பல்லாண்டுகளின் பின் கட்டங்கட்டமாக மீளக்குடியேறிய எம்மூர் மக்களுக்குச் சொந்தக் கிணற்றின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

"பிரதேச சபையின் வண்டி வந்து ஏற்றிச் செல்லும்தானே" எனச் சிலர் கூறுவர். வண்டி குப்பையை இடம்மாற்றுகின்றதேயன்றி இல்லாமற் செய்வதில்லை. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் உயிரிழந்தனர். பலர் வீசியதன் பாரம் அம்மேட்டின் அருகே வாழ்ந்த மக்கள் மீதே விழுந்தது.

எமது மரபு காட்டும் வழி வேறு. பசுவின் சாணம் சுடப்பட்டுத் திருநீறாகின்றது. வேலியிற் கழித்த பனையோலையைத் தோட்டத்தில் தாட்டுப் பசளையாக்கினர் எம் முன்னோர். அன்னதானத்தில் உண்ட வாழையிலை மாட்டுக்கு உணவாகின்றது.

இவ்வழியில் நாமும் வீட்டுக் குப்பையைப் பிரித்து வைத்தல் வேண்டும். குசினிக் கழிவையும் சருகையும் வளவின் நிழலான மூலையில் மாறிமாறிப் பரப்பி, சாணம் கரைத்துத் தெளித்து, ஈரம் காயாமற் காத்து, இடைக்கிடை கிளறிவர மூன்று மாதமளவில் நல்ல கூட்டெரு கிடைக்கும். போத்தல், தகரம், கடதாசி என்பவற்றைப் பழம்பொருள் வாங்குவோரிடம் கொடுக்கலாம். பற்றரியையும் மின்குமிழையும் புதையாது வேறாகச் சேர்த்துச் சபையிடம் ஒப்படைத்தல் நன்று. பொலித்தீனை எரித்தல் ஆகாது. அதன் புகையும் நஞ்சே. பொலித்தீன் லஞ்ச் சீற் 2017 செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டது. சட்டத்திற்கு அஞ்சியன்றி, அயலவர் மீதுள்ள அன்பினால் அதனைத் தவிர்ப்பதே தருமமாகும்.

திருநாவுக்கரசு நாயனார் உழவாரப்படை தாங்கி ஆலய வீதிகளைத் துப்புரவு செய்தார். எமது உழவாரப்பணி குசினி வாசலிலேயே தொடங்கட்டும். அயலவர் கிணற்றையும் எமது கிணறாக எண்ணி வாழ எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் பாலிப்பாராக.