நோவைத் தணிப்பது பாவமா?



புற்றுநோயால் படுக்கையாய்க் கிடந்த பெரியவர் ஒருவருக்கு அவஸ்தைபூசுதல் கொடுக்கப் போயிருந்தேன். வேதனை மிகுதியால் ஒரு அருள் நிறைந்த மந்திரத்தைக்கூட முடிக்க அவரால் இயலவில்லை. வைத்தியர் கொடுத்த மார்பின் மாத்திரையோ தலைமாட்டில் தொடாமல் கிடந்தது. "சேசுநாதர் சிலுவையடியில் வெள்ளைப்போளம் கலந்த ரசத்தை வேண்டாமென்றாரே, சுவாமி!" என்றார். வாசலில் அவர் மகள், "மார்பினுக்குப் பதில் கஞ்சா எண்ணெய் கொடுக்கச் சொல்லுகிறார்கள். கொடுக்கலாமா?" என்று கேட்டாள்.

முதற் கேள்வியைப் பார்ப்போம். வலியை ஆண்டவருடைய பாடுகளோடு ஒப்புக்கொடுப்பது பெரும் புண்ணியமே. ஆனால் அது எவருக்கும் கட்டளையல்ல. 1957-ம் ஆண்டில் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் மயக்கமருந்து வைத்தியர்களுக்கு இதை விளக்கினார். வேறு வழியில்லாதபோது, ஆத்தும கடமைகளுக்குத் தடையில்லாவிட்டால், மருந்தினால் ஆயுள் குறையக்கூடுமென்றாலும் நோவைத் தணிக்கக் கொடுக்கலாம். கொல்லும் நோக்கம் வேறு, ஆற்றும் நோக்கம் வேறு.

இனிக் கஞ்சா. அதுவும் சர்வேசுரன் படைத்த செடியே. நன்மை தின்மை நாம் அதைப் பிரயோகிக்கும் விதத்தில் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் கன்னாபிடியால் என்னும் மருந்து, சிறுவயதில் தாக்கும் இருவகைக் கொடிய வலிப்பு நோய்களுக்காக 2018-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆனால் மார்பின் முதலிய அபின் வகை மருந்துகளுக்கு அது மாற்றாகுமா? கஞ்சாவை மருந்தாக அனுமதித்த அமெரிக்க மாகாணங்களில், அபின் வகை மருந்துகள் மிகையாகி நேரும் சாவு சுமார் 25 சதவீதம் குறைவென்று, 2010 வரைக்குமான கணக்கைக் கொண்டு 2014-ல் ஓர் ஆய்வு கூறிற்று. பலர் அகமகிழ்ந்தார்கள். அதே கணக்கை 2017 வரை நீட்டிப் பார்த்து 2019-ல் வெளியிட்டபோது, குறைவு போய் சுமார் 23 சதவீதம் அதிகமென்று வந்தது! ஆகவே முந்தியதும் அத்தாட்சியல்ல, பிந்தியதும் அத்தாட்சியல்ல. வதந்தியை நம்பி, வேதனைப்படுகிறவனிடமிருந்து நிச்சயமான மருந்தைப் பறிப்பது தர்மமாகுமா?

மருந்தின் பெயரைக் கேட்டு அஞ்சவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். மூன்று காரியங்களைக் கேளுங்கள்: நோக்கம் நோவைத் தணிப்பதா, போதையா? அளவை நிர்ணயிப்பவர் வைத்தியரா, விற்பவனா? பலன் நிரூபிக்கப்பட்டதா, செவிவழிச் செய்தியா?

மகளிடம், "எண்ணெய் வேண்டாம், அம்மா. வைத்தியர் சொன்னதைச் சொன்ன அளவில் கொடு. அதுவும் நாலாம் கற்பனையின் அநுசரிப்பே" என்றேன். பெரியவர் அன்றிரவு மாத்திரையை உட்கொண்டார். மறுநாள் மாலை, நெடுநாளைக்குப் பிறகு, ஐம்பத்துமூன்று மணிச் செபத்தை முழுமையாய்ச் சொல்லி முடித்தார்.

நோயாளிகளின் ஆரோக்கியமாகிய தேவமாதா உங்கள் இல்லங்களில் நோவுற்றோரைக் காப்பாற்றுவாளாக.