தரை தொட்டு வரும் பந்து

தோல்விக்கு ஆடுகளத்தைக் காரணம் காட்டுவது எந்த அளவுக்கு உண்மை, எந்த அளவுக்குச் சாக்கு என்னும் கேள்வி கிரிக்கெட்டோடு நின்றுவிடுவதில்லை. ஒருவருக்கு நேரும் துன்பத்தில் அவருடைய பங்கு எவ்வளவு, அவரை மீறியவற்றின் பங்கு எவ்வளவு என்று இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலமாக வாதிட்டு வரும் பெருங்கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது. சாங்கியம் துன்பத்தை அது பிறக்கும் இடத்தை வைத்து மூவகையாகப் பிரிக்கும்: தன் உடலாலும் மனத்தாலும் வருவது ஆதியாத்மிகம், பிற உயிர்களால் வருவது ஆதிபௌதிகம், மழை, காற்று முதலிய தெய்வ ஆற்றல்களால் வருவது ஆதிதைவிகம். மட்டையாளர் தவறான அடியைத் தேர்ந்துகொண்டது முதல் வகையிலும், பந்துவீச்சாளரின் திறமை இரண்டாம் வகையிலும், மழை குடித்த தரை மூன்றாம் வகையிலும் சேரும்.

பலன் தரத் தொடங்கிவிட்ட வினையாகிய பிராரப்தத்துக்கு வேதாந்திகள் வில்லை விட்டுப் புறப்பட்ட அம்பை உவமை சொல்வார்கள். அம்புக்கும் இலக்குக்கும் இடையில் வெறும் வெளிதான் உண்டு. பந்தோ பெரும்பாலும் மட்டையை எட்டும் முன் ஒருமுறை மண்ணைத் தொடுகிறது. வீசியவரின் எண்ணம் அந்த இடத்தில் முடிந்து, எவருடைய எண்ணமும் அல்லாத ஒன்று அங்கே தொடங்குகிறது. ஒரு சிறு கல்லின் விளிம்பில் பட்ட பந்து முகத்துக்கு எழும்புவதையும், ஒரு சாண் தள்ளி ஈரத்தில் விழுந்த அதே வேகப் பந்து எழும்பாமல் உருண்டு குச்சியின் அடியைத் தட்டுவதையும் பார்ப்பவருக்கு, வினைக்கும் பயனுக்கும் நடுவே இந்த மண் எப்படி வந்து நிற்கிறது என்ற வியப்பு எழாமல் போகாது.

1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் நடந்த முதல் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் இதற்கு நல்ல சான்று. முதலில் ஆடிய மைசூர் அணி 48 ஓட்டங்களுக்குச் சுருண்டது. சென்னை அணி 130 எடுத்தது. இரண்டாம் முறை மைசூர் 59-க்கு முடிந்து, ஒரு இன்னிங்ஸும் 23 ஓட்டங்களும் வித்தியாசத்தில் ஒரே நாளில் தோற்றது. இடக்கைச் சுழற்பந்தாளர் ஏ.ஜி. ராம்சிங் 35 ஓட்டங்களுக்கு 11 விக்கெட்டுகளை எடுத்தார். மைசூரின் தோல்விக்குக் களத்தைக் காரணம் சொன்னால், இரு அணிகளும் ஒரே களத்தில்தானே ஆடின என்று வாதிடலாம். அந்த வாதத்தில் பாதிதான் உண்மை. எப்பொருளும் இரண்டு கணங்கள் ஒரே பொருளாக நிற்பதில்லை என்று பௌத்தர் கூறும் கணபங்கக் கொள்கை, வெயிலும் ஈரமும் மணிக்கு மணி மாற்றிக்கொண்டிருக்கும் ஆடுகளத்துக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது. முற்பகலில் ஆடியவரும் பிற்பகலில் ஆடியவரும் நின்ற தரை பெயரளவில்தான் ஒன்று.

அப்படியானால் எல்லாம் தரையின் செயலே என்று விட்டுவிடலாமா? மற்கலி கோசாலரைத் தலைவராகக் கொண்ட ஆசீவகர், முயற்சியால் எதுவும் மாறாது, எல்லாம் நியதிப்படியே நடக்கும் என்றனர். அக்கொள்கையில் தோற்றவருக்குப் பழியில்லை என்பது ஆறுதல்தான். ஆனால் வென்றவருக்குப் புகழும் இல்லாமல் போகிறது. தோற்ற நாளில் களத்தின்மேல் பழியைப் போடும் அணி, அதே களத்தில் வென்ற நாளில் பெருமையையும் களத்துக்கே கொடுத்துவிட வேண்டும். கொடுக்க மனம் வராவிட்டால், முன்பு சொன்னது சாக்குதான். திருக்குறள் 38-ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையையும் 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினை என்னும் விடாமுயற்சியையும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் பேசுவதை முரண்பாடு என்பவர்கள் உண்டு. வாழ்க்கை அப்படித்தான் இருக்கிறது என்பதை அந்நூல் மறைக்கவில்லை என்று கொள்வதே பொருத்தம்.

இந்தக் கேள்வி தன் முழு ஆழத்தைப் பெறுவது பெருநகர மைதானங்களைவிட, ஏற்காட்டை அடுத்த நாகலூர் போன்ற சேர்வராயன் மலைச் சிற்றூர்களில்தான். அங்கே சமதளம் தானாகக் கிடைப்பதில்லை. காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவே சரிவை வெட்டித்தான் ஓர் இடத்தைச் சமன் செய்ய வேண்டும். பாக்சைட்டு விளையும் அம்மலையின் செம்மண்ணில் சரளைக்கற்கள் கலந்திருக்கும். காய்ந்தால் கல்லாக இறுகும், மழையிலும் பனிமூட்டத்திலும் நனைந்தால் வழுக்கும். அம்மலைக்கே சேர்வராயன் என்னும் தெய்வத்தின் பெயர் வழங்குவதாலும், உச்சிக் குகைக்கோயிலில் மலையாளிப் பழங்குடியினர் அத்தெய்வத்தை வழிபட்டு மே மாதத்தில் விழா எடுப்பதாலும், மண்ணால் வரும் துன்பத்தை ஆதிதைவிகம் என்பது அங்கே வெறும் நூற்சொல்லாக நிற்பதில்லை. களத்தை நொந்துகொள்பவர் மலையையே நொந்துகொள்கிறார்.

ஆயினும் இத்தகைய ஊர்களில் களம் முழுவதும் மலை தந்ததும் அன்று. பராமரிக்கத் தனி ஆள் இல்லாத இடத்தில் சரிவை வெட்டுபவர்களும், மண் கொட்டித் தண்ணீர் தெளித்து இறுக்குபவர்களும் ஆடுபவர்களேதான். செய்த வினையின் பயன் வேறு யாரிடமும் போகாமல் செய்தவரையே வந்து சேரும் ஒழுங்கைப் பரிமேலழகர் ஊழ் என்று விளக்குகிறார். சென்ற ஆண்டு பொறுக்காமல் விட்ட கல்லில் பட்டு இவ்வாண்டு எழும்பும் பந்து அந்த விளக்கத்துக்கு உள்ளேதான் வருகிறது. எதிரணிக்கு அது வெறும் தற்செயல். உள்ளூர் அணிக்கோ முன்வினை. ஒரே கல் ஒருவருக்கு ஆதிதைவிகமாகவும் மற்றவருக்குத் தன்வினையாகவும் இருப்பதால்தான், தோற்றவர் சொல்லும் காரணத்தைக் கேட்பவர் அவசரப்பட்டு ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது.

சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என மூன்றாக்கும். சேர்ந்து கிடப்பது முதலாவது, அனுபவத்துக்கு வந்துவிட்டது இரண்டாவது, அனுபவிக்கும்போதே புதிதாகச் செய்யப்படுவது மூன்றாவது. ஆட்டம் முடிந்து குச்சிகளைப் பிடுங்கிய மாலையில், பந்து விழுந்து பெயர்த்த குழியில் ஈரமண்ணை இட்டுக் குதிகாலால் அழுத்தும் ஆட்டக்காரர் செய்துகொண்டிருப்பது ஆகாமியம்.