வெள்ளத் தடுப்பு வரி: கொடையா, கடனா?



வெள்ளம் வடிந்த மறுநாள் நம் வணிகப் பெருமக்களின் கை தாராளமாகத் திறக்கிறது. அரிசி மூட்டையும் போர்வையும் கேளாமலே வந்து சேருகின்றன. ஆனால் மதிப்பீட்டு வரிச் சீட்டு வந்தால் அதே கை சுருங்கிக்கொள்கிறது. "என் கடை மேட்டில் இருக்கிறது. பள்ளத்தில் கட்டியவனுக்காக நான் ஏன் தண்டம் அழ வேண்டும்?" என்று கேட்கிறோம். இக்கேள்வியை எள்ளி ஒதுக்கலாகாது, நியாயமாக ஆராய்வோம்.

கோலாலம்பூர், கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் பிறந்த ஊர். அந்தக் கூடுதுறையில்தான் 1909இல் ஜாமிஆ பள்ளிவாசல் எழுந்தது. நம்மவர் பலர் கடை வைத்திருக்கும் மஸ்ஜித் இந்தியா வட்டாரமும் அதன் அருகிலேயே இருக்கிறது. 1926லும் 1971 ஜனவரியிலும் பெருவெள்ளங்கள் நகரை மூழ்கடித்தன. பெருமழையின்போது ஆற்றுநீரை நகர மையத்திற்குள் வரவிடாமல் திருப்பிவிட, 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் 2007இல் திறக்கப்பட்டது. அதற்குப் பின்னரும் 2020 செப்டம்பரில் பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களில் நீர் ஏறிற்று. ஏன்? சுரங்கம் ஆற்றைத் தாங்கும். தெருவில் விழும் மழையைக் கொண்டுபோக வேண்டியவை சிறு சாக்கடைகளே. அவற்றைத் தூர்வாரிக் காக்கும் ஊராட்சி மன்றங்களின் முக்கிய வருவாய்களில் ஒன்று இந்த மதிப்பீட்டு வரி.

மழை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒன்றாகவே பெய்கிறது. மண் குடித்த நீரைக் கூரையும் சிமெண்டும் தாரும் குடிப்பதில்லை. அப்படியே கீழே தள்ளிவிடுகின்றன. ஆகவே மேட்டுக் கடைக்காரரும் வெள்ளத்தில் ஒரு பங்குதாரரே. சரக்கு அனுப்புகிறவர் வண்டிச் சத்தம் கொடுப்பதில்லையா? நாம் அனுப்பும் நீருக்கு நாம் கொடுக்கும் வண்டிச் சத்தமே இவ்வரி. இது கொடையன்று, கடன்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உவமையை நாம் அறிவோம். கீழ்த்தட்டில் இருப்பவர் தண்ணீருக்காக ஓட்டை போட முற்படுகையில் மேல்தட்டில் இருப்பவர் வாளாவிருந்தால், இரு தட்டாரும் சேர்ந்தே மூழ்குவர். நம் ஊரிலோ மேல்தட்டின் நீரே கீழ்த்தட்டை நிரப்புகிறது. ஹிஜ்ரி 17இல் மக்காவில் வெள்ளம் புகுந்து மகாமு இப்ராஹீமையே அடித்துச் சென்றபோது, கலீபா உமர் (ரலி) அவர்கள் நீரைத் தடுக்க அணை கட்டுவித்தார்கள். வெள்ளம் இறைவன் நாட்டம் என்று கைகட்டி நிற்கவில்லை.

ஜக்காத்துத்தான் கொடுக்கிறோமே என்பார் உண்டு. ஜக்காத்துக்கு உரியவர் எட்டு வகையினர் எனத் திருக்குர்ஆன் வரையறுத்துவிட்டது. கால்வாய் வெட்டுவது அதில் அடங்காதென்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. பொதுத் தேவைக்குக் கஜானா போதாதபோது வசதியுள்ளோர்மீது வரி விதிக்கலாமென இமாம் கஸ்ஸாலியும் இமாம் ஷாத்திபியும் ஒப்பியுள்ளனர்.

ஆயினும் வரி கேட்பவருக்கும் கடமை உண்டு. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் படை எகிப்தை நோக்கி வந்த வேளை, சுல்தான் குதுஸ் மக்களிடம் பணம் திரட்ட நாடினார். இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் அஞ்சவில்லை. முதலில் அமீர்கள் தங்கள் பொன்னணிகளைக் கொடுக்கட்டும், அதன்பின் மக்களைக் கேளுங்கள் என்றார். ஆகவே சாக்கடைக்கென வாங்கிய காசு சாக்கடைக்கே போயிற்றா என்று கணக்குக் கேட்பது கலகமன்று, அமானிதத்தைக் காப்பதாகும்.

இன்னொன்றும் உண்டு. இவ்வரி, கட்டடத்துக்கு ஆண்டில் எவ்வளவு வாடகை வரக்கூடும் என்பதை வைத்துக் கணிக்கப்படுகிறது; உடையவர் கையிலுள்ள காசை வைத்து அன்று. கணவர் விட்டுச்சென்ற பழைய வீட்டில் வருமானமின்றி வாழும் விதவைக்கும் சீட்டு வரும். கட்டட முதலாளி வரியை வாடகையில் ஏற்றினால் சுமை சிறு கடைக்காரர் தலையில் விழும். அத்தகையோருக்குச் சலுகை கேட்டு மனுச் செய்வது சங்கத்தின் வேலை.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியது யாது? வரியைத் தவணை தவறாமல் கட்டுவோம். கணக்கைத் தயங்காமல் கேட்போம். அட்டைப்பெட்டியையும் பிளாஸ்டிக் பையையும் கடையோரச் சாக்கடையில் தள்ளாதிருப்போம். வெள்ளத்திற்குப் பின் தரும் சதக்கா சிறந்ததே. ஆனால் பிறர் வீட்டில் நீர் புகுமுன் கடனைத் தீர்ப்பது அதனினும் முந்தியது.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.