தருமம் செய்பவரிடம் கணக்குக் கேட்கலாமா?

முதியோர் இல்லம் ஒன்றை நல்ல மனத்தோடு நடத்திவரும் ஒருவரிடம் அரசாங்க உத்தியோகத்தர் வந்து, "மலசலகூடம் எத்தனை? இரவில் பொறுப்பு யார்? மருந்துப் பதிவேடு எங்கே?" என்று கேட்டால் அவருக்கு மனம் கசந்துபோவது இயல்பே. "பெற்ற பிள்ளைகள் கைவிட்டதுகளை நாங்கள் எடுத்து வைத்துச் சோறு போடுகிறோம். ஒரு கொத்து அரிசி கொண்டுவராதவர் கடதாசிக் கட்டோடு வந்து எங்களைச் சோதிக்கிறார்" என்ற பேச்சை நம் பங்குகளிலும் மடங்களிலும் கேட்கலாம். அந்தக் கசப்பில் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். வருகிறவர்களில் சிலர் வரும் விதமும் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும், தருமம் செய்பவரிடம் கணக்குக் கேட்பது அவரை அவமதிப்பதாகுமா என்ற கேள்வியை ஆத்திரப்படாமல் ஆராய்ந்து பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதியோர் இல்லம் என்பது மட்டக்களப்புக்குப் பழக்கப்பட்ட சங்கதி அன்று. வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்து வைப்பதும், பிறகு தாயும் தகப்பனும் அதே வளவில் ஒரு சிறு குடிலிலோ பின்னறையிலோ ஒதுங்கி இருந்துகொள்வதுமே நம் வழக்கம். பெத்தாவுக்கு வேறு காப்பகம் தேவைப்படவில்லை. மகளின் குசினி இருந்தது, பேரப்பிள்ளையின் கை இருந்தது. பின்னர் யுத்தம் வந்தது. வீட்டைக் காத்த மகளே மத்திய கிழக்கில் இன்னொருவர் வீட்டைத் துடைக்கப் போனாள். மகன் கனடாவுக்கோ சுவிசுக்கோ போய்ச் சேர்ந்தான். காசு வருகிறது, ஆள் வருவதில்லை. சிலருக்குக் காசும் வருவதில்லை. இப்படியாகத்தான் இல்லங்களின் வாசலில் நம்மவர்கள் வந்து நிற்கிறார்கள். பிள்ளைகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுக் கடந்துபோக முடியாத கதை இது.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதைக் கடந்தவர்களை முதியோர் என்கிறது. பராமரிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டுப் பெற்றோர் முறையிடுவதற்கு அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு சபையும் உண்டு. ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் ஏற்பாடு. அரசு நடத்துவதா, கன்னியர் நடத்துவதா, கூலி வாங்கி நடத்துவதா என்ற பேதம் இதில் இல்லை. தேநீர்க் கடையின் கண்ணாடிப் பெட்டியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பதை நாம் தவறென்பதில்லை. சந்தையில் தராசைச் சோதிப்பதையும் தவறென்பதில்லை. கடைக்காரன் கள்ளன் என்று நினைத்தா சோதிக்கிறார்கள்? வாங்குகிறவனால் சமையலறைக்குள் போய்ப் பார்க்க முடியாது; அவனுக்காக ஒருவர் போய்ப் பார்க்கிறார்.

இல்லத்து முதியவரின் நிலை அதைவிட மோசமானது. தேநீர் சரியில்லையென்றால் நாளைக்கு வேறு கடைக்குப் போகலாம். இவர் எங்கே போவார்? காசு கட்டி இருப்பவருக்காவது, "நான் காசு தருகிறேனே" என்று கேட்கும் வாய் இருக்கிறது. தருமத்தில் இருப்பவருக்கு அதுவும் கிடையாது. உண்பது பிறர் போட்ட சோறு, உடுப்பது பிறர் கொடுத்த சாரம். நன்றி அவருடைய வாயைக் கட்டிப்போடுகிறது. நத்தார் காலத்தில் நாம் பிஸ்கட்டும் பால்மாவும் எடுத்துக்கொண்டு போய், "எப்படி அம்மா இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "ஒரு குறையும் இல்ல சுவாமி" என்ற பதில்தான் வரும். பக்கத்தில் பொறுப்பாளர் நிற்கிறார், நாம் அரை மணித்தியாலத்தில் போய்விடுவோம், அவர் இருப்பார். இந்தப் பதிலைக் கேட்டுத் திருப்திப்பட்டுத் திரும்புகிறவர்கள் நம்மில் அதிகம். அன்பினால் நடத்தப்படும் இல்லத்துக்குச் சோதனை வேண்டாம் என்று வாதிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கூலிக்கு நடத்தும் இல்லத்தைவிட இலவசமாக நடத்தும் இல்லத்துக்கே வெளியிலிருந்து வரும் ஒரு கண் அதிகம் தேவை என்பது என் எண்ணம். குறை சொல்ல முடியாதபடி முதியவரைக் கடன்படுத்தி வைத்திருப்பது அங்கேதான்.

தமிழ்நாட்டில் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பாலேசுவரத்தில் நடந்ததை வாசகர்களில் பலர் மறந்திருக்கமாட்டார்கள். தெருவோரம் சாகக் கிடந்தவர்களை எடுத்துவந்து பராமரிப்பதாகக் கூறி ஒரு கத்தோலிக்கக் குருவானவர் 2011ஆம் ஆண்டில் தொடங்கிய கருணை இல்லம் அது. 2018 பெப்ரவரியில் அந்த இல்லத்தின் வாகனம் ஒன்றை ஊர்மக்கள் மறித்தார்கள். உள்ளே காய்கறி மூட்டைகளோடு ஒரு பிரேதமும், உயிரோடு இரு முதியவர்களும் இருந்தனர். முதியவள் போட்ட கூக்குரலே மக்களைக் கூட்டியது. அதன் பிறகுதான் அதிகாரிகள் கூட்டங்கூட்டமாக உள்ளே போனார்கள். இல்லத்தின் அனுமதி முந்திய ஆண்டிலேயே காலாவதியாகிவிட்டது தெரியவந்தது. இறந்தவர்களைச் சுவரில் கட்டிய சீமெந்து அறைகளில் வைக்கும் முறை பேசுபொருளாயிற்று. எலும்பு வியாபாரம் என்று கிளம்பிய வதந்திகளை நான் இங்கே எடுக்கப்போவதில்லை, வதந்தி வதந்திதான். அது கிளம்புவதற்கு இடம் கொடுத்தது எது என்பதே நமக்குரிய விசயம். இத்தனை ஆண்டுகள், இத்தனை மரணங்கள். வெளியார் ஒருவர் ஒழுங்காக வந்து, பார்த்து, எழுதி, அந்த எழுத்தை ஊர் வாசிக்கும்படி வைத்திருந்தால் குற்றமிருந்தால் முன்னரே பிடிபட்டிருக்கும். குற்றமில்லையென்றால் அந்த இல்லத்துக்கே அது கேடயமாக இருந்திருக்கும்.

அதோடு முடியவில்லை. அங்கிருந்தவர்கள், ஏறக்குறைய 300 பேர், அவசரமாக வேறு இல்லங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மாற்றப்பட்டார்கள். எங்கே போகிறோம் என்பதை அவர்களில் எத்தனை பேரிடம் சொல்லிச் சம்மதம் கேட்டிருப்பார்கள்? ஆண்டுக்கணக்காகப் பாராமல் இருந்துவிட்டு ஒரே நாளில் பூட்டுப் போடுவது முதியவருக்கு இரண்டாவது கைவிடல். சோதனையை வெறுப்பவர்கள் சொல்லும் நியாயங்களில் இதை மட்டும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஓலைக் கூரையும் இரண்டே மலசலகூடமும் உள்ள ஏழை இல்லமொன்றைச் சட்டப் புத்தகத்தை விரித்து மூடிவிட்டால் அந்தப் பத்துப் பேரும் ஆஸ்பத்திரி விறாந்தைக்கோ பஸ் நிலையத்துக்கோ போவார்கள். ஆகவே மூடுவதற்கென்று வரும் சோதனை வேறு, திருத்துவதற்கென்று வரும் சோதனை வேறு. குறையைக் கண்டு, தவணை கொடுத்து, வழியும் காட்டி, தவணை முடிந்ததும் திரும்பி வந்து பார்ப்பவரே நல்ல பரிசோதகர். அடியும் பட்டினியும் மட்டும் தவணைக்குரியவை அல்ல.

திருச்சபைக்கு இது புதிய பாடமும் அன்று. 1311-12இல் கூடிய வியேன் திருச்சங்கம், ஏழைகளுக்கென்று அமைந்த மருத்துவ விடுதிகளை நடத்துவோர் அவற்றின் வருமானத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டு ஏழைகளைக் கவனியாது விட்டதைக் கண்டு, தகுந்தவர்களிடமே பொறுப்பைக் கொடுக்க வேண்டும், அவர்கள் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதித்தது. திரெந்து திருச்சங்கம் 1562இல் அவ்விடுதிகளைச் சென்று பார்வையிடும் அதிகாரத்தை ஆயர்களுக்கு உறுதிப்படுத்தியது. விடுதிகளை நடத்தியவர்கள் பக்தர்கள் என்பது சங்கப் பிதாக்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் விதித்தார்கள்.

முதியோர் பணியின் தாய் என்று நாம் போற்றும் புனித ஜேன் ஜூகனின் வரலாறும் இதற்குச் சாட்சி. 1839இன் குளிர்காலத்தில், பிரான்சு நாட்டில், கண் தெரியாத ஒரு கிழவிக்குத் தம் சொந்தக் கட்டிலைக் கொடுத்ததில் தொடங்கியது அவருடைய பணி. ஆனால் சபையை வழிநடத்த வந்த குருவானவர் ஒருவர் அவரை ஒதுக்கிவைத்து, தாமே நிறுவுனர் என்று உலகை நம்பவைத்தார். ஜேன் ஜூகன் 1879இல் இறக்கும்வரை அந்தப் பொய் நிலைத்தது. உரோமாபுரியிலிருந்து விசாரணை வந்து அக்குருவானவர் விலக்கப்பட்டது 1890இல். புனிதை எதுவும் முறையிடவில்லை. முறையிடாதவருக்காகவும் யாரோ வந்து விசாரிக்க வேண்டியிருந்தது.

சரி, வருகிறவர் எதைப் பார்க்க வேண்டும்? பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டுத் தேநீர் குடித்துப் போகும் சோதனையால் பயனில்லை. அயர்லாந்தில், டப்ளின் அருகேயிருந்த லீஸ் குரொஸ் என்ற பராமரிப்பில்லம் சுகாதார அதிகாரிகள் வந்து போய்க்கொண்டிருந்த இடம்தான். 2005இல் தொலைக்காட்சி ஒன்று இரகசியமாகப் படம்பிடித்துக் காட்டிய பிறகே உள்ளே முதியோர் பட்ட பாடு நாட்டுக்குத் தெரிந்தது. அந்த ஆண்டே இல்லம் மூடப்பட்டது. பின்னர் அங்கே தனி அதிகார சபையொன்று அமைந்து, 2009 முதல் அரசின் இல்லங்களையும் தனியார் இல்லங்களையும் ஒரே அளவுகோலால் பார்க்கிறது. அறிவிக்காமலும் போகிறார்கள். கண்டதை எவரும் வாசிக்கும்படி வெளியிடுகிறார்கள்.

கண் உள்ளவர் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரியும் காரியங்கள் சில உண்டு. படுக்கையில் கிடப்பவரைத் திருப்பி முதுகின் அடியையும் குதிக்காலையும் பார்க்க வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் அங்கேதான் வரும்; சுவர் வெள்ளையடித்திருக்கலாம், புண் பொய் சொல்லாது. கட்டிலருகே தண்ணீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? படுக்கையை நனைப்பார்கள் என்று பயந்து தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. வாய் காய்ந்து, புத்தி தடுமாறிக் கிடப்பவரைப் பார்த்து, "வயதுக் கோளாறு" என்று சொல்லிவிடுகிறோம். இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? வேலையாட்கள் வீடு போக வேண்டுமென்று பின்னேரம் 5 மணிக்கே கொடுத்துவிட்டால், காலை 8 மணி வரை 15 மணித்தியாலப் பட்டினி. சீனி வருத்தத்துக்கு மருந்தெடுப்பவருக்கு அது ஆபத்து. மருந்து யார் கொடுக்கிறார், எழுதி வைக்கிறாரா? அமைதியாகக் கிடக்கட்டும் என்று தூக்கக் குளிசை கொடுக்கிறார்களா? மலசலகூடத்தில் பிடித்து எழும்பக் கைபிடி உண்டா, நிலம் வழுக்குமா? இடுப்பெலும்பு முறிந்த கிழவிக்குப் பெரும்பாலும் அதுவே கடைசி நடை. அடையாள அட்டையும் உதவிப் பணப் புத்தகமும் யாரிடம் இருக்கின்றன, பெருவிரல் அடையாளம் வைக்கும்போது எதற்கென்று சொல்கிறார்களா? முக்கியமாக, பொறுப்பாளரை வெளியே நிறுத்திவிட்டு முதியவரோடு தனியே கதைக்க வேண்டும். வாங்கில் அருகிலிருந்து, அவசரப்படாமல்.

நம் பகுதிக்கென்று வேறொன்றும் உண்டு. 1978 நவம்பர்ச் சூறாவளியையும், 2004 மார்கழிச் சுனாமியையும், 2011 தை மாத வெள்ளத்தையும் கண்ட மண் இது. சுனாமி வந்த காலையில் நாவலடியிலிருந்த சிறுவர் இல்லமொன்றின் 28 பிள்ளைகளும் ஒரு படகில் ஏற்றப்பட்டு வாவியைக் கடந்து உயிர் தப்பினார்கள். அவர்கள் ஓடக்கூடிய பிள்ளைகள். அதே இடத்தில் நடக்கமாட்டாத 28 முதியவர் இருந்திருந்தால்? வடக்கே கைதடியில், 2000 மே மாதச் சண்டையின்போது, முதியோர் இல்லம் இரு தரப்புக்கும் நடுவே அகப்பட்டு, உயிர்கள் போன பின்னரே மற்றவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தினர் வெளியே கொண்டுவர முடிந்தது. ஆகவே நம் இல்லங்களில் கேட்க வேண்டிய முதற் கேள்வி: தண்ணீர் வந்தால், நெருப்புப் பிடித்தால், இரவில் இருக்கும் அந்த ஒருவர் எத்தனை பேரைத் தூக்குவார்? வெளிவாசல் பூட்டின் திறப்பு எங்கே தொங்குகிறது?

இவ்வளவையும் உத்தியோகத்தர் தலையில் மட்டும் கட்டிவிட நான் எழுதவில்லை. பெற்றோரைக் காக்க வேண்டிய பொருளைக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கிவைத்த கொர்பான்காரரை ஆண்டவர் கண்டித்ததை அறிவோம். மாதாமாதம் இல்லத்துக்கு நன்கொடை அனுப்பிவிட்டுத் தாயைப் பாராமல் இருப்பதும் அதற்குத் தூரமில்லை. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பின் படுவான்கரைக்குப் போகத் துறையில் காத்திருக்க வேண்டியதும் இல்லை. போகும்போது ஞாயிறு காலையில், எல்லோரும் குளித்து உடுத்து இருக்கும் நேரத்தில் மட்டும் போகாமல், வேலை நாளொன்றில், பொழுதுபடும் வேளையில், சொல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள். இல்லங்களை நடத்தும் பங்குகளுக்கும் கன்னியர் மடங்களுக்கும் என் வேண்டுகோள் வேறு: அடுத்த முறை உத்தியோகத்தர் எழுதிவைத்துப் போகும் அறிக்கையை, குறைகள் உட்பட, கோவில் விறாந்தை அறிவிப்புப் பலகையில் திருமண ஓலைகளுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.