மிராசுதாரின் கார்

கொலைகாரன் என்று ஊரே அறிந்தவனுக்காக ஒரு வக்கீல் வாதாடலாமா என்று நம் எழுத்தாளர்கள் அவ்வப்போது கேட்கிறார்கள். வாதாடலாம், வாதாடத்தான் வேண்டும். ஊர் அறிந்தது சாட்சியம் ஆகாது. தன் சொந்த அபிப்பிராயம் எதுவானாலும் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக நிற்க வேண்டும் என்றுதான் இந்திய பார் கவுன்சில் விதியும் சொல்கிறது. தார்மீகப் பிரச்னை இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது: எதை வைத்துக்கொண்டு வாதாடுவது?

1840ல் லண்டனில் வில்லியம் ரஸ்ஸல் பிரபுவைக் கொன்றதாக அவருடைய வேலைக்காரன் கூர்வாஸியே மேல் வழக்கு. விசாரணையின் நடுவில் அவன் தன் வக்கீல் சார்லஸ் ஃபிலிப்ஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். ஆனால் எனக்காக வாதாடு என்றான். திகைத்துப்போன ஃபிலிப்ஸ் நீதிபதி பார்க்கிடம் யோசனை கேட்டார். விலகக் கூடாது, சாட்சியத்திலிருந்து எழும் நியாயமான வாதங்களை எல்லாம் சொல்லலாம் என்பது பதில். கூர்வாஸியே தூக்கிலிடப்பட்டான். உண்மை தெரிந்த பிறகும் வீட்டு வேலைக்காரியின் மேல் சந்தேகத்தைத் திருப்பினார் என்ற பழியை ஃபிலிப்ஸ் வெகுகாலம் சுமந்தார். மறுத்தும் பார்த்தார். அவர் வாதாடியதில் அல்ல, சாட்சியத்திலிருந்து எழாத ஒன்றை, கேட்பவர் மனசில் ஏற்கனவே இருக்கிற ஒன்றை உபயோகித்தாரா என்பதில்தான் விவகாரம். வேலைக்காரி என்றால் செய்திருப்பாள் என்பது யாரும் நிரூபிக்க வேண்டியில்லாத விஷயம்.

இதன் மறுபக்கத்தை நம் ஜில்லாவில் பார்க்கலாம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கூடுதல் கூலி கேட்ட, செங்கொடிச் சங்கத்தை விட மறுத்த தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்கள். வழக்கில் 23 எதிரிகள். நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு முதல் எதிரி. 1970ல் நாகப்பட்டினம் நீதிமன்றம் அவருக்கும் வேறு சிலருக்கும் தண்டனை விதித்தது. 1973ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. எதிரிகள் எல்லோருமே மிராசுதாரர்கள், பெரும்பாலோர் ஏராளமான நிலமுள்ள பணக்காரர்கள், முதல் எதிரியிடம் காரே இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வேலையாட்கள் துணையில்லாமல் தாங்களே நடந்துவந்து தீ வைத்தார்கள் என்று நம்புவது கஷ்டம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

('குருதிப்புனல்' காரணத்தை மிராசுதாரின் ஆண்மைக் குறைவில் தேடியது. அதைப் பற்றி நாம் நிறையச் சண்டை போட்டாயிற்று. எனக்கு இந்தக் கார்தான் முக்கியம்.)

சாட்சி முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னார், இருட்டில் முகம் தெரிந்திருக்காது என்றெல்லாம் வாதிப்பது வக்கீலின் கடமை. அவை பண்ணையாள் எதிரியாக நின்றாலும் அவனுக்கும் கிடைக்கிற வாதங்கள். கார் அவனுக்குக் கிடைக்காது. 'பெரிய மனுஷர் இப்படிச் செய்வாரா' என்று வாய்க்கால் கரையில் பேசுவது கோர்ட்டுக்குள் போய்ச் சட்டத்தின் பாஷை பேசுகிறது. அதோடு, தீ வைப்பது வேலையாள் செய்கிற காரியம் என்பதும் ஓசைப்படாமல் உள்ளே வந்துவிடுகிறது. லண்டன் வேலைக்காரிக்கு நேர்ந்ததும் இதுதான்.

வங்கியில் அடமானக் கடனுக்கு வக்கீல்கள் தரும் லீகல் ஒபினியன்களை தினமும் பார்க்கிறவன் நான். வில்லங்கம் உண்டா, மூலப்பத்திரம் உண்டா என்றுதான் எழுதுவார்கள். பத்திரத்துக்கு உரியவர் எதில் வந்து இறங்கினார் என்று எந்த ஒபினியனும் எழுதுவதில்லை. ஐந்து ஏக்கர் நிலத்துக்கு உள்ள இந்த ஒழுக்கம் 44 உயிர்களுக்கு ஏன் இல்லை?

வந்த வழக்கை வக்கீல் மறுக்கக் கூடாது என்ற விதியிலேயே, அவருடைய அந்தஸ்துக்கு ஏற்ற கட்டணத்துக்கு என்ற சொற்களும் இருக்கின்றன. மிராசுதாரர் அந்தக் கதவு வழியாகப் போய்ச் சீனியர்களை அமர்த்தலாம். எரிந்தவர்களுக்கோ சர்க்கார் வக்கீல்தான், அவரும் சர்க்காருக்கு வக்கீல்.

1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடு கொலை செய்யப்பட்டார். அந்த வழக்கின் எதிரிகளுக்கும் ஒரு வக்கீல் வேண்டும் என்பதே விதி. அவர்களுக்காக எழுந்து நிற்பவரின் கையில் கார் இருக்காது, சாட்சியத்தை மட்டும் வைத்துக்கொண்டுதான் அவர் பேசியாக வேண்டும்.