உத்தியனுக்குப் பட்ட கடன்

காதலின் பொருட்டுச் செய்யும் கொலை பாவமாகுமா, ஆகாதா? இவ்வாறு நேரே வினவினால், பஞ்சசீலம் ஏற்ற உபாசகர் எவரும் தயக்கமின்றி விடை கூறுவர். ஆயின், அதே வினா ஆடலும் பாடலுமாய் அரங்கில் வந்து நின்றால், நம் நெஞ்சம் நம்மை அறியாமலே காதலர் பக்கம் சாய்ந்துவிடுகின்றது. இன்று வீடுதோறும் தொலைக்காட்சியிற் காட்டப்பெறும் குற்றக் கதைகளை நோக்குக. தலைவன் பிழைத்தற்பொருட்டு யாரோ ஒருவன் மாள்கின்றான். மறுகணமே அவனை நாம் மறந்து, காதலர் கூடுவரோ பிரிவரோ என்று கவலையுறத் தொடங்குகின்றோம். இம்மறதியைப் பற்றியே ஈண்டுச் சிறிது சிந்திக்க விழைகின்றேன்.

இதற்கு ஏற்ற கதையொன்று நம் பௌத்த நூல்களிற் பிறந்து, கொல்கத்தா நகரில் மறுபிறவி எடுத்தது. நேபாளத்தில் பிரையன் ஹாட்ஜ்சன் தேடித் தொகுத்த வடமொழிப் பௌத்தச் சுவடிகளை ஆராய்ந்து, அறிஞர் இராஜேந்திரலால் மித்ரா 1882-இல் ஒரு நூல் எழுதினார். அதனைக் கொல்கத்தாவிலிருந்த ஆசியக் கழகம் வெளியிட்டது. அந்நூலைப் பயின்ற கவி இரவீந்திரநாத தாகூர், மகாவஸ்துவில் வரும் சியாமையின் வரலாற்றை ‘பரிசோத்’ என்னும் பாடலாக 1899-இல் இயற்றினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1939-இல், அதனையே ‘சியாமா’ என்னும் நாட்டிய நாடகமாக்கிக் கொல்கத்தாவில் அரங்கேற்றினார். தீண்டாமையின் கொடுமையைக் காட்டும் அவருடைய ‘சண்டாளிகா’வும் மித்ராவின் நூலிலிருந்து பெற்ற கதையே என்பதை நம்மவர் அறிதல் நன்று.

கதை இது. வச்சிரசேனன் என்னும் வணிகன், செய்யாத களவுக்காகக் காவலரிடம் சிக்குகின்றான். அரசவை ஆடல்மகள் சியாமை அவனைக் கண்ட அளவிலே காதல் கொள்கின்றாள். அவளையே நினைந்து உருகும் இளைஞன் உத்தியன், அவள் மனம் குளிர்வதாயின் அப்பழியைத் தானே ஏற்பேன் என்கின்றான். அவள் தடுத்தாளில்லை. குற்றமற்ற அவ்விளைஞன் கொல்லப்படுகின்றான். காதலர் இருவரும் நகரை விட்டு நீங்குகின்றனர். என்னை எவ்விலை கொடுத்து மீட்டாய் என்று வச்சிரசேனன் மீண்டும் மீண்டும் வினவ, அவள் உண்மையைச் சொல்லிவிடுகின்றாள். அவன் அவளை வெறுத்து விலக்குகின்றான். பின் அவளுக்காகவே ஏங்குகின்றான். அவள் திரும்பி வந்தபோதும் ஏற்க இயலாமல் அனுப்பிவிட்டு, மன்னிக்க மாட்டாத தன் சிறுமையை மன்னிக்குமாறு இறைவனை வேண்டுகின்றான்.

பழைய கதையில் இத்துணை மென்மை இல்லை. பாலி மொழிக் கணவேர சாதகத்தில் பிடிபட்டவன் உண்மையிலேயே கள்வன். ‘கணவேரம்’ என்பது நம் தமிழ் நூல்கள் கணவிரம் என வழங்கும் செவ்வலரியே. அம்மாலையை அணிவித்தே அவனைக் கொலைக்களத்துக்கு இட்டுச் செல்கின்றனர். சாமை என்னும் கணிகை நகரக் காவலனுக்கு ஆயிரம் பொன் அனுப்புகின்றாள். அப்பொன்னைச் சுமந்து செல்பவன் அவள்மீது பற்றுக்கொண்ட செட்டி மகன்; தன் சாவுக்குரிய விலையைத் தானே சுமக்கின்றோம் என்பதை அவன் அறியான். மீண்ட கள்வனோ, இன்று அவனுக்குச் செய்தது நாளை எனக்கும் ஆகும் என அஞ்சி, அலரிப் புதரிடையே அவளை நெரித்து மயக்கி, அணிகலன்களுடன் ஓடிவிடுகின்றான்.

அக்கள்வனே போதிசத்துவர் என்கின்றது சாதகம். மகாவஸ்துவோ வச்சிரசேனனைப் போதிசத்துவராகவும் சியாமையை யசோதரையாகவும் கூறுகின்றது. தம்மத்தைப் புதிதாகத் தழுவிய அன்பர்க்கு இது மயக்கம் தரலாம். போதிசத்துவர் பிறப்பிலேயே நிறைவு பெற்றவர் அல்லர். வேட்கையிலும் அச்சத்திலும் உழன்று மேலேறியவர். இக்கதைகள் அவர் செய்ததை எல்லாம் நாமும் செய்க என்று விதிக்க வந்தவையல்ல.

நிற்க. பழைய கதையில் வஞ்சிக்கப்பட்டவனைத் தாகூர் தன் விருப்பால் உயிர் கொடுப்பவனாக மாற்றினார். இதனாற் சியாமையின் குற்றம் குறைந்ததா? குறைந்ததென்றே காண்போர் கருதுவர். யான் அவ்வாறு கருதேன். கொலையென்னும் குற்றம் தன் கையாற் செய்தலில் மட்டும் இல்லை, ஏவிச் செய்வித்தலிலும் உண்டு என்பது நம் உரையாசிரியர் கொள்கை. விநயமோ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. சாவைப் புகழ்ந்துரைத்து ஒருவனைச் சாகத் தூண்டும் பிக்குவும் சங்கத்தினின்று நீங்கியவனே என்று மூன்றாம் பாராஜிகம் விதிக்கின்றது. சாகின்றவன் இசைந்தான் என்பது அங்கே விடுதலை தரவில்லை. அறியாதவனை ஏமாற்றியவள் ஓர் உயிரைக் களவாடினாள். அறிந்தே உயிரை நீட்டியவனிடம் அதனைக் கைநீட்டி வாங்கியவளோ, அவன் அன்பையே கருவியாக்கிக் கொன்றாள்.

உத்தியன் செய்தது தானமாகுமோ எனின், பசித்த புலிக்கு உடல் ஈந்த போதிசத்துவரை நினைக்க. அவ்வீகையாற் பிறர் எவரும் பாவத்திற்கு ஆளாகவில்லை. உத்தியனோ பொய் சொல்லித் தன்னைக் குற்றவாளியாக்கி, காவலர் கையாற் குற்றமற்ற இரத்தம் சிந்தச் செய்தான். ஆயினும் அவனை இகழ எனக்கு மனம் வரவில்லை. இருபது வயதின் வேட்கையை அறியாதவர் யார்?

வச்சிரசேனன் கதைதான் எனக்கு மிகக் கடினமாகத் தோன்றுகின்றது. அவன் அச்செயலை வெறுத்தது நேர்மை. ஆனால் அச்செயல் தந்த உயிரை வைத்துக்கொண்டே அதனைத் தந்தவளைத் தள்ளினான். ‘பரிசோத்’ என்ற வங்கச் சொல்லுக்குக் கடன் தீர்த்தல் என்பது பொருள். யாருக்குப் பட்ட கடன்? அவன் உண்மையுணர்ந்த அன்றே திரும்பிச் சென்று, பழியேற்று மாண்டவன் குற்றமற்றவன் என்று அந்நகரத்தாருக்குச் சொல்லியிருக்கலாம். அவ்விளைஞனுடைய பெற்றோர் வாயிலில் நின்றிருக்கலாம். அவன் அது செய்யவில்லை. மன்னிப்பைப் பற்றியே அவனும் சியாமையும் புலம்புகின்றனர். அம்மன்னிப்பு இவ்விருவர்க்குள்ளே வழங்கிக்கொள்ளத் தக்கதோ?

தமிழர்க்கு உரிய குண்டலகேசியின் வரலாற்றிலும் இது நிகழ்ந்துள்ளது. கொலைக்களத்துக்குச் செல்லும் கள்வனைக் கண்டு காதலித்தாள். தந்தை பொன் கொடுத்து அவனை மீட்டான். பின் அவனே அவளைக் கொல்ல முயல, அவள் அவனை மலையினின்று தள்ளினாள். இவ்வளவும் நாம் அறிவோம். பொன்னைப் பெற்ற அரச சேவகன் கள்வனை விடுத்து, வேறொருவனைக் கொன்று, கள்வன் மாண்டான் என்று மன்னனுக்கு அறிவித்ததாகத் தம்மபத உரை கூறுகின்றது. அவ்வேறொருவன் யார்? உரையில் அவனைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

கணவேர சாதகத்தின் முடிவில், ஓடிப்போனவனைத் தேடிச் சாமை கூத்தரை ஊரூராய் அனுப்புகின்றாள். சாமை இன்னும் வாழ்கின்றாள், உன்னையே விரும்புகின்றாள் என்று அவர்கள் பாடித் திரிகின்றனர். செட்டி மகனைப் பற்றிய பாட்டு எந்தக் கூத்தரிடமும் இல்லை. பாலி நூலில் அவனுக்குப் பெயரும் இல்லை. தாகூரின் பாடலில்தான் அவன் உத்தியன் என்று அழைக்கப்பட்டான்.